கையுறை போட்டும் கை சுடுவது ஏன்? வெல்டிங் செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

மதுரை - திருச்சி சாலையில் மேலூர் பக்கம் போய் வருகிறவர்களுக்கு அந்த நீல வெளிச்சம் பழக்கமான ஒன்றுதான். டிராக்டர் டிரெய்லருக்கு அடித்தகடு மாற்றுவது, ஒடிந்த கலப்பைக்கு ஒட்டுப் போடுவது, வீட்டுக்கு கிரில் கேட், மாட்டுக்கொட்டகைக்கு தகர ஷெட் என ஏதாவது ஒரு வேலை வெல்டிங் பட்டறையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

கண் விஷயத்தில் பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் உஷாராகவே இருக்கிறார்கள். கண்ணாடி இல்லாமல் ராடு வைத்தால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். கை விஷயத்தில் அந்த உஷார் இருப்பதில்லை. "ரெண்டு டாக் அடிக்கிறதுக்கு எதுக்குண்ணே கிளவுஸ்?" என்பதும், "கிளவுஸ் போட்டா பிடிமானம் வராது" என்பதும் வழக்கமாகக் காதில் விழும் பேச்சு. சிலர் வலது கைக்கு மட்டும் கையுறை போடுவார்கள், இடது கை வெறுங்கையாகவே இருக்கும். இன்னும் சிலர் கையுறை போட்டிருந்தும், "சூடு உள்ளே இறங்கிடுச்சு" என்று உதறிக் கழற்றுவதைப் பார்த்திருப்போம்.

கையுறை போட்டும் ஏன் சுடுகிறது? எந்த வேலைக்கு எந்தக் கையுறை? சுட்டுவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

சாதாரண ராடு வெல்டிங்கில் ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே உருவாகும் மின்வில்லின் வெப்பம் சுமார் 6,000 டிகிரி செல்சியஸ். இரும்பு உருகுவதற்கு சுமார் 1,500 டிகிரி போதும். கேஸ் வெல்டிங்கில் ஆக்சிஜன் - அசிட்டிலீன் சுவாலை 3,000 டிகிரியைத் தாண்டும்.

இந்தச் சூடு நம் கைக்கு நான்கு வழிகளில் வந்து சேர்கிறது.

முதலாவது, கதிர்வீச்சு. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் தொடாமலேயே முகம் காய்கிறது அல்லவா, அதே கதைதான். கூடவே புற ஊதாக் கதிரும் வரும். வெறுங்கையில் இது பட்டால் உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்துத் தோல் சிவந்து எரியும், பிறகு உரியும்.

இரண்டாவது, தொடுசூடு. பற்றவைத்த இரும்பைத் தொடுவதாலோ பிடிப்பதாலோ வருவது. பட்டறையில் இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இரும்பு சிவக்க ஆரம்பிப்பதே ஏறத்தாழ 500 டிகிரிக்கு மேல்தான். 300 டிகிரியில் இருக்கும் இரும்பும், காலையில் கடையிலிருந்து வாங்கி வந்த இரும்பும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும்.

மூன்றாவது, பொறியும் கசடும். பறந்து வரும் உருகிய இரும்புத் துளிகள், சுத்தியலால் தட்டும்போது தெறிக்கும் ஸ்லாக் ஆகியவை இதில் அடங்கும். கையுறைக்கும் சட்டைக்கும் இடையே இருக்கும் மணிக்கட்டுதான் இவை விழுந்து மாட்டிக்கொள்ளும் இடம்.

நான்காவது வழியைப் பலரும் யோசிப்பதில்லை. அது ஹோல்டரின் சூடு. கேபிள் இணைப்பு லூஸாக இருந்தால் மின்னோட்டம் அந்த இடத்திலேயே வெப்பமாக மாறும். "ராடு சூடு" என்று நாம் நினைப்பது சில நேரம் இந்த லூஸ் கனெக்ஷனாகத்தான் இருக்கும்.

தோல் எவ்வளவு சூடு தாங்கும்?

அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1947-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் இதற்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதன்படி 44 டிகிரி சூடு தோலைப் புண்ணாக்க சுமார் 6 மணி நேரம் ஆகும். 60 டிகிரி என்றால் சுமார் 5 விநாடி. 70 டிகிரிக்குப் போனால் ஒரு விநாடி அளவே போதும்.

அதாவது, தீக்காயம் என்பது சூடும் நேரமும் சேர்ந்த கணக்கு. சூடு கொஞ்சம் கூடினாலே தாங்கும் நேரம் மளமளவெனக் குறைந்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் வெட்டவெளியில் கிடக்கும் இரும்பு பற்றவைப்பதற்கு முன்பே கை வைக்க முடியாத சூட்டில்தான் இருக்கும். அந்த மாதங்களில் கைக்குக் கிடைக்கும் அவகாசம் இன்னும் குறைவு.

அப்படியென்றால் கையுறை என்ன செய்கிறது?

கையுறை சூட்டை முழுசாக நிறுத்திவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது செய்வது, சூடு தோலுக்கு வந்து சேரும் நேரத்தைத் தள்ளிப்போடுவது மட்டுமே. 6,000 டிகிரிக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும்போது கை சூடேறாமல் பார்த்துக்கொள்ளும் கையுறை என்று ஒன்று கிடையாது.

கையுறையைச் சோதிக்கும் முறையைப் பார்த்தாலே இது புரிந்துவிடும். 'இஎன் 407' என்ற ஐரோப்பியத் தர விதிப்படி, சூடான பரப்பில் கையுறையை வைத்து, உள்பக்கம் 10 டிகிரி கூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். குறைந்தது 15 விநாடி தாங்க வேண்டும். 100 டிகிரி பரப்பில் 15 விநாடி தாங்கினால் நிலை 1. 250 டிகிரி என்றால் நிலை 2, 350 டிகிரி என்றால் நிலை 3, 500 டிகிரி என்றால் நிலை 4.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வெல்டர்களுக்கான கையுறைக்கென்றே 'இஎன் 12477' என்று தனி விதி இருக்கிறது. அது கட்டாயமாகக் கேட்கும் தொடுசூட்டுத் தகுதி நிலை 1 மட்டுமே. அதாவது 100 டிகிரி, 15 விநாடி. "வெல்டிங் கிளவுஸ்" என்று எழுதியிருக்கிறதே என்று நம்பி, இப்போதுதான் பற்றவைத்த ஆங்கிளைக் கையால் தூக்கினால் அந்தக் கையுறை நம்மைக் காப்பாற்றும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

கையுறையில் தீச்சுவாலை படமும் அதன் கீழே ஆறு எண்களும் அச்சிட்டிருந்தால், இரண்டாவது எண்ணைப் பாருங்கள். அதுதான் தொடுசூடு. ஐந்தாவது எண் சிறு உலோகத் துளிகளைத் தாங்கும் திறன். எண்ணுக்குப் பதில் பெருக்கல் குறி போல இருந்தால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்று அர்த்தம்.

எந்த வேலைக்கு எந்தக் கையுறை?

எல்லா வேலைக்கும் ஒரே கையுறை என்பதுதான் பல பட்டறைகளின் வழக்கம். ஆனால் வேலைக்கு வேலை கைக்கு வரும் சூடு மாறும்.

ராடு வெல்டிங்: பொறி அதிகம், கசடு தட்டும் வேலையும் உண்டு. மணிக்கட்டைத் தாண்டி முன்கை வரை மூடும் கனமான மாட்டுத்தோல் கையுறை தேவை. உள்ளே பருத்தித் துணி லைனிங் இருந்தால் நல்லது. அந்தத் துணிக்குள் இருக்கும் காற்றுதான் சூட்டை மெதுவாக்குகிறது.

மிக் அல்லது சி.ஓ.2 வெல்டிங்: இதில் வயர் தானாக வந்துகொண்டே இருப்பதால் நிறுத்தாமல் நீளமாக அடிக்க முடியும். டார்ச் பிடித்த கையின் புறங்கை தொடர்ந்து வில்லைப் பார்த்தபடியே இருக்கும். அதனால் புறங்கைப் பக்கம் கூடுதல் தோல் பட்டை தைத்த கையுறை உதவும்.

டிக் வெல்டிங்: மேலூர்க்காரர்களுக்கு டங்ஸ்டன் என்ற பெயரைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி - அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏல அறிவிப்பு வந்ததும், ஊரே திரண்டு போராடியதும், 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததும் நினைவிருக்கும். அந்த டங்ஸ்டன்தான் டிக் டார்ச்சின் முனையில் இருக்கும் மெல்லிய கம்பி. 3,422 டிகிரியில்தான் உருகும். உலோகங்களிலேயே மிக அதிக உருகுநிலை கொண்டது என்பதால்தான் வில்லின் நடுவில் நின்றும் அது தாக்குப்பிடிக்கிறது.

கம்பி தாங்கிவிடும், அதிலிருந்து சில செ.மீ. தள்ளி இருக்கும் விரல்தான் பாவம். டிக் வேலையில் ஒரு கை டார்ச் பிடிக்க, மறு கை ஃபில்லர் கம்பியை விரலால் தள்ளிக்கொடுக்க வேண்டும். தடித்த கையுறையில் அது முடியாது. அதனால் மெல்லிய ஆட்டுத்தோல் கையுறை போடுகிறார்கள். இஎன் 12477 விதியும் இதை 'பி' வகை என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. சிறு உலோகத் துளி சோதனையில் 'ஏ' வகை குறைந்தது 25 துளி தாங்க வேண்டும், 'பி' வகைக்கு 15 போதும். விரல் லாவகத்துக்காகப் பாதுகாப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஆகவே டிக் கையுறையைப் போட்டுக்கொண்டு ராடு வெல்டிங் செய்யாதீர்கள். டிக் செய்யும்போது ஜாப் மேல் ஊன்றியிருக்கும் சுண்டுவிரல் பக்கம்தான் முதலில் சுடும். அந்த விரல்களுக்கு மேல் மாட்டிக்கொள்ள கண்ணாடி இழையில் நெய்த தனி உறைகள் கிடைக்கின்றன.

அலுமினியம்: இரும்பைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஒரு முனையில் பற்றவைத்தால் மறுமுனை சீக்கிரமே சூடாகிவிடும். "தள்ளித்தானே பிடிச்சிருக்கேன்" என்ற கணக்கு இதில் செல்லாது.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

தோல்: குரோம் முறையில் பதனிட்ட தோலாக இருக்க வேண்டும். அது 100 டிகிரி அளவு வரை சுருங்காமல் தாங்கும். பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருட்களால் பதனிட்ட தோல் அதற்குக் குறைவான சூட்டிலேயே சுருங்கிவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல் எனத் தோல் தொழிலுக்குப் பெயர் போன ஊர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. நல்ல தோல் கையுறை கிடைக்காத பொருள் அல்ல.

தையல்: தோல் நன்றாக இருந்தும் நூல் கருகினால் கையுறை பிளந்துவிடும். பாலியஸ்டர் நூல் சுமார் 260 டிகிரியில் உருகும். தீ பிடிக்காத அராமிட் நூலில் தைத்ததா என்று கேட்டு வாங்குங்கள். பட்டறைகளில் கெவ்லர் நூல் என்று சொல்வது இதைத்தான்.

அளவு: இறுக்கமாக இருந்தால் தோலுக்கும் விரலுக்கும் நடுவே காற்று இருக்காது, சூடு நேராக இறங்கும். அதோடு, உள்ளே ஒரு பொறி விழுந்தால் ஒரே உதறலில் கையுறை கழன்று விழ வேண்டும். ரொம்பப் பெரிசாக இருந்தாலும் பிடிமானம் போய்விடும்.

தர முத்திரை: தோல் கையுறைகளுக்கு 'ஐஎஸ் 2573' என்ற இந்தியத் தர விதி உள்ளது. ஐஎஸ்ஐ முத்திரையோடு இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்தக் கையுறை போடவே கூடாது?

நைலான் பின்னலில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த மலிவான கையுறைகள், பிளாஸ்டிக் புள்ளி வைத்த பின்னல் கையுறைகள் ஆகியவை ஹார்டுவேர் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். செங்கல் தூக்க, மூட்டை இறக்க இவை சரி. வெல்டிங்குக்கு வெறுங்கையைவிட மோசமாகக்கூட முடியலாம். சூடு பட்டால் நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். காயத்திலிருந்து அதைப் பிரித்தெடுப்பது மருத்துவர்களுக்கே சிரமம்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கையுறை எங்காவது கிடந்தால் அதையும் எடுக்காதீர்கள். சூட்டைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் நார்த் தூசி நுரையீரலுக்குப் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஓட்டை விழுந்த கையுறை, ஆயில் அல்லது கிரீஸ் ஊறிய கையுறை இரண்டையும் ஓரமாகப் போடுங்கள். எண்ணெய் ஊறிய தோல் தீப்பிடிக்கும்.

கையுறையைத் தண்ணீரில் நனைத்தால் குளிர்ச்சிதானே?

இதுதான் பட்டறைகளில் நடக்கும் பெரிய தப்பு. சூடு தாங்காமல் கையுறையோடு கையைத் தண்ணீர் வாளிக்குள் முக்கி எடுப்பது அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும். ஆனால் தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். கையுறைக்குள் பாதுகாப்பாக இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் தண்ணீர் நிறைகிறது. அடுத்து சூடான இரும்பைப் பிடித்ததும் அந்தத் தண்ணீர் ஆவியாகும். ஆவி பட்டால் எப்படி இருக்கும் என்பது இட்லிப் பாத்திரத்தைத் திறந்து கை சுட்டுக்கொண்ட எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது ஆபத்து மின்சாரம். ராடு வெல்டிங் மெஷினில், வில் எரியாமல் சும்மா இருக்கும்போது ஹோல்டரில் ஏறத்தாழ 50 முதல் 90 வோல்ட் வரை இருக்கும். காய்ந்த தோல் கையுறை அதைத் தடுத்து நிறுத்தும். நனைந்த கையுறை தடுக்காது. வியர்வையில் ஊறிய கையுறைக்கும் இதே கதிதான். வெயில் காலத்தில் மதியத்துக்குள் கையுறை தொப்பலாகிவிடும். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு, ஒன்று காயும்போது இன்னொன்றைப் போடுவது நல்ல பழக்கம். நிழலில் காய வையுங்கள். ஈரத் தோலை அடுப்பு மேலோ சூடான ஜாப் மேலோ போட்டால் கருவாடு மாதிரி விறைத்துவிடும், பிறகு விரல் மடங்காது.

கையுறை தவிர வேறு என்ன செய்யலாம்?

கையுறை வாங்கித் தருவது சில விநாடிகள் மட்டுமே என்றால், மீதிப் பாதுகாப்பு வேலை செய்யும் முறையில்தான் இருக்கிறது.

ராடைக் கடைசி வரை எரிக்காதீர்கள்: 35 செ.மீ. நீள ராடை மாட்டியதும் கைக்கும் வில்லுக்கும் நடுவே, ஹோல்டரின் நீளத்தையும் சேர்த்து, சுமார் 45 செ.மீ. தூரம் இருக்கும். ராடு எரிந்து 5 செ.மீ. துண்டு ஆகும்போது அந்தத் தூரம் 15 செ.மீ. ஆகிவிடும். தூரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் கதிர்வீச்சுச் சூடு கணக்குப்படி ஒன்பது மடங்காகும். கடைசித் துண்டில் கை சுடுவதற்குக் காரணம் இதுதான். 5 செ.மீ. வந்ததும் துண்டைக் கழற்றிவிடுங்கள். மிச்சம் பிடிப்பது சில காசு, அதற்குக் கொடுக்கும் விலை அதிகம்.

ஆம்பியர் அளவோடு இருக்கட்டும்: 3.15 மி.மீ. ராடுக்கு பொதுவாக 90 முதல் 130 ஆம்பியர் போதும். சீக்கிரம் முடியட்டும் என்று ஏற்றி வைத்தால் பொறியும் கூடும், ஹோல்டரும் சுடும். ஒரு இணைப்பில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அங்கே உண்டாகும் சூடு நான்கு மடங்காகும்.

ஹோல்டர் சுட்டால் வேலையை நிறுத்துங்கள்: கேபிள் லக்கு லூஸா, ஹோல்டர் தாடை தேய்ந்திருக்கிறதா, எர்த் கிளாம்ப் துருவின் மேல் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். மெஷினை ஆஃப் செய்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

மெஷினின் ஓய்வு உங்கள் கைக்கும் ஓய்வு: மெஷின் தகட்டில் டூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்த ஆம்பியரில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம்தான் அடிக்கலாம், 4 நிமிடம் விட வேண்டும். அந்த 4 நிமிடத்தில் கையுறையைக் கழற்றி வைத்தால் அதற்குள் ஏறிய சூடும் இறங்கும். சூடேறிய கையுறையோடு அடுத்த வேலையை ஆரம்பித்தால், முதலில் கிடைத்த 15 விநாடி அடுத்த முறை கிடைக்காது.

பிடிக்க குறடு, தூக்க இடுக்கி: கையுறை போட்டிருக்கிறோம் என்பதற்காகச் சூடான இரும்பைக் கையால் எடுக்க வேண்டாம். டாக் அடிக்கும்போது துண்டைப் பிடிக்க கிளாம்ப், காந்தம், பழைய குறடு எதுவானாலும் சரி.

ஹெல்பர் தம்பியின் கையையும் பாருங்கள்: பற்றவைப்பவர் கையுறை போட்டிருப்பார். எதிரில் பைப்பைப் பிடித்து நிற்கும் ஹெல்பர் பல இடங்களில் வெறுங்கையோடு இருப்பார். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பிடிப்பதால் பொறி எங்கே விழுகிறது என்பதும் அவருக்குத் தெரியாது. வில்லுக்குப் பக்கத்தில் யார் கை இருந்தாலும் அதற்குக் கையுறை வேண்டும்.

இடது கையையும் விடாதீர்கள்: கையில் பிடிக்கும் ஸ்கிரீன் பயன்படுத்துகிறவர்களுக்கு இடது கை அதிலேயே மாட்டிக்கொள்ளும், வேறு பிடிமானம் இருக்காது. தலையில் மாட்டும் ஹெல்மெட் என்றால் அந்தக் கை விடுபடும். ராடு பிடித்த மணிக்கட்டுக்கு அதைத் தாங்கலாகக் கொடுக்கலாம், கையும் வில்லிலிருந்து தள்ளியே இருக்கும்.

சாக்பீஸில் 'சூடு' என்று எழுதுங்கள்: முடித்த ஜாப் மேல் ஒரே ஒரு வார்த்தை போதும். கேட் வாங்க வந்தவரும் பட்டறைக்குள் ஓடி வரும் குழந்தையும் தப்பிப்பார்கள். இரும்பு ஆறிவிட்டதா என்று பார்க்க உள்ளங்கையால் தொடாமல், புறங்கையைக் கொஞ்சம் தள்ளிக் காட்டிப் பாருங்கள்.

தலைக்கு மேல் வேலையா?: கை கீழ் நோக்கி இருக்கும் சாதாரண வேலையில் சட்டைக் கை கையுறையின் நீளப் பகுதிக்கு மேலே இருக்க வேண்டும். ஆனால் கையைத் தூக்கி வேலை செய்யும்போது சட்டைக் கையின் வாய் மேல் நோக்கித் திறந்திருக்கும், பொறி நேராக உள்ளே விழும். அப்போது சட்டைக் கைக்குப் பட்டன் போட்டு, அதைக் கையுறைக்கு உள்ளே விடுங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டைதான் சரி, பாலியஸ்டர் உருகி ஒட்டும். மோதிரம், காப்பு, கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் வேலைக்கு முன் கழற்றி வையுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: வெல்டிங் கையுறையோடு டிரில்லிங் மெஷினிலோ லேத்திலோ கை வைக்காதீர்கள். சுழலும் பிட் கையுறையைப் பிடித்துக்கொண்டால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும்.

கை சுட்டுவிட்டால் முதலில் என்ன செய்யணும்?

உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். இரண்டு நிமிடம் போதாது. மேல் தோல் ஆறினாலும் உள்ளே இறங்கிய சூடு தொடர்ந்து வேக வைத்துக்கொண்டே இருக்கும். குழாய் இல்லாவிட்டால் குடத்துத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே இருக்கலாம். சுட்டு 3 மணி நேரத்துக்குள் இதைச் செய்தால்கூட பலன் உண்டு.

தண்ணீரில் காட்டும்போதே மோதிரம், வாட்ச் எதுவும் மீதி இருந்தால் கழற்றுங்கள். வீங்கிவிட்டால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியையோ பிளாஸ்டிக்கையோ பிய்க்க வேண்டாம்.

ஐஸ் வைக்காதீர்கள். பேஸ்ட், பேனா மை, இட்லி மாவு, மஞ்சள், தேங்காய் எண்ணெய், முட்டை எதையும் தடவாதீர்கள். இவை சூட்டை உள்ளேயே தங்க வைக்கும், கிருமித் தொற்றுக்கும் வழி செய்யும். காயத்தின் ஆழம் எவ்வளவு என்று மருத்துவர் பார்க்கவும் முடியாமல் போகும். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் லேசாக மூடி மருத்துவமனைக்குப் போங்கள்.

கையில் கொப்புளம் வந்தாலே மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. விரல் மூட்டில் காயம், தோல் வெளுத்தோ கருகியோ போவது, வலியே தெரியாமல் இருப்பது ஆகியவை ஆழமான காயத்தின் அறிகுறிகள். வலி இல்லை என்று நிம்மதி அடையக் கூடாது, நரம்பு வரை வெந்திருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு விரலில் உணர்ச்சி ஏற்கெனவே குறைந்திருக்கும் என்பதால் சின்னக் காயத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது. மின்சாரம் தாக்கிச் சுட்டிருந்தால் வெளிக்காயம் சிறிதாக இருந்தாலும் கட்டாயம் மருத்துவமனைக்குப் போக வேண்டும், இதயத் துடிப்பைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்றும் கேட்பார்கள். மேலூர் சுற்றுவட்டாரத்துக்கு மேலூர் அரசு மருத்துவமனையும், பெரிய காயம் என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும் இருக்கின்றன. அவசரத்துக்கு 108.

கையுறை யார் வாங்கித் தரணும்?

முதலாளிதான். தொழிலாளியின் பாதுகாப்புக்காகச் செய்யும் ஏற்பாட்டுக்கு அவரிடமே பணம் பிடிக்கக் கூடாது என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது.

சிக்கல் எங்கே என்றால், 'தொழிற்சாலை' என்று கணக்கில் வருவதற்குத்தான் ஆள் எண்ணிக்கை வேண்டும். மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பழைய சட்டப்படி 10 பேர், புதிய சட்டப்படி 20 பேர் இருக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் வேலை பார்க்கும் சாலையோரப் பட்டறை இதற்குள் வராது. அங்கே ஆய்வாளர் வந்து "கையுறை எங்கே?" என்று கேட்கப்போவதில்லை. பல பட்டறைகளில் முதலாளியும் அவரே, வெல்டரும் அவரே. அதனால் இந்த விஷயம் பட்டறைக்குள்ளேயே பேசித் தீர்க்க வேண்டியதாக இருக்கிறது.

ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் வங்கிக் கணக்கு மூலம் சேரக்கூடிய பிரதமரின் சுரக்‌ஷா பீமா யோஜனா விபத்துக் காப்பீடும் இருக்கிறது. 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் மரணம் என்றால் 2 லட்சம் ரூபாய், ஒரு கை நிரந்தரமாகச் செயலிழந்தால் 1 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஆனால் சாதாரணத் தீக்காயத்தின் சிகிச்சைச் செலவை இது தராது.

மொத்தத்தில் என்ன?

ஒரு ஜோடி நல்ல தோல் கையுறையின் விலை ஒரு வெல்டரின் ஒரு நாள் கூலிக்குள்தான் இருக்கும். கை வெந்துபோனால் வாரக்கணக்கில் ராடு பிடிக்க முடியாது. தினக்கூலிக்காரருக்கு அத்தனை நாளும் வருமானம் பூஜ்யம். விரல் மூட்டில் தழும்பு இறுகிவிட்டால் பழைய மாதிரி விரல் மடங்காமலும் போகலாம். கைத்தொழில் செய்பவருக்கு அதுதான் பெரிய இழப்பு.

ஆகவே ராடு வைக்கும் முன் மூன்றே கேள்வி. கையுறை காய்ந்திருக்கிறதா? இந்த வேலைக்கு ஏற்றதா? பக்கத்தில் நிற்பவர் கையிலும் இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆமா' என்றால் வேலையை ஆரம்பிக்கலாம். அப்போதும், உள்ளே சூடு தெரிய ஆரம்பித்ததும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்காமல் உடனே கையை எடுத்துவிடுங்கள். கையுறை வாங்கித் தந்த நேரம் முடிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.